லாக் நாகையாவின் பின் ஆக்சில்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் எந்த வண்டிக்காரனை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். பின் ஆக்சில் வேலை என்றால் சின்னச்சாமி பட்டறைக்குத்தான் கை காட்டுவான். காலில் செருப்பில்லாமல் இந்த ஊருக்கு வந்தவன், மெயின் ரோட்டு ஓரத்தில் சொந்த மனையில் பட்டறை போட்டு, என் பெயரையே போர்டில் எழுதி மாட்டியிருக்கிறேன். எவனும் கைதூக்கி விடவில்லை. கிழவன் பெருமை பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு இருக்கிறது, பேசுகிறேன்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் கதையை அல்ல, நாகையாவின் கதையை. அந்த விபத்தைப் பேப்பரில் போட்டபோது அவனை ‘வேன் டிரைவர்’ என்று மட்டும் போட்டார்கள். நாகையா என்று பெயர் வைத்துத்தான் அவனைப் பெற்றவர்கள் வளர்த்தார்கள். அந்தப் பெயரும் எங்காவது அச்சில் இருக்கட்டும்.

தாயில்பட்டிக்குத் தெற்கே காட்டுக்குள் ஒரு சின்ன ஊர் அவனுடையது. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் கரிசலில் பருத்தி எடுத்தவர்கள். மழை பொய்த்துப் பொய்த்து, அதே கரிசலில் பட்டாசு ஆபீஸ்கள் முளைத்தபோது ஊரே மருந்து அடைக்கப் போய்விட்டது. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாகையா மட்டும் அதற்குள் போகாமல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். ஆள் ஒல்லி. வாய் மட்டும் இரண்டு ஆள் வாய்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் முதலில் வண்டியைத் திருப்பி, அதன் முகம் வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டுத்தான் இறங்குவான். டீக்கடை ஆனாலும் சரி, கல்யாண வீடு ஆனாலும் சரி. ஆபீஸ்களுக்கு லோடு எடுக்கப் போகிற வண்டிக்காரர்கள் எல்லோருக்குமே அது வழக்கம்தான். முதலில் திருப்பு, அப்புறம் ஏற்று. ஒன்று கிடக்க ஒன்று ஆனால் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மற்றவர்கள் ஆபீஸில் மட்டும் செய்தார்கள். இவன் உலகம் முழுவதும் செய்தான்.

அவன் மனைவி பாண்டிச்செல்வி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மருந்து ரூமில் வேலை பார்த்தவள். மருந்தைக் குழாயில் அடைக்கிற அறை அது. ஓர் அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம், நாலு பக்கமும் வாசல் இருக்கும். எதற்கு நாலு வாசல் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அலுமினியத் தூளை நாங்கள் வெள்ளிப்பொடி என்போம். அந்தப் பொடி ஏறிய கை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

வண்டி வாங்கிய புதிதில் என் பட்டறைக்கு வந்த நாகையா சொன்னான்: “அண்ணாச்சி, அவ சோறு பெசஞ்சு பிள்ளைக்கு ஊட்டுறா. பிள்ள ஒதட்டுல ஜிகினா ஒட்டுன மாதிரி மினுங்குது. அன்னிக்கே சொல்லிட்டேன், இனி அந்த ரூம்புல ஒன் நெழலுகூட விளக் கூடாதுன்னு.”

அவன் ஆசை அவ்வளவுதான். வண்டி ஓட வேண்டும், அவள் அந்த அறைக்குள் போகக் கூடாது.

அதற்குக் குறுக்கே நின்றவர் போர்மேன் சீனிவாசகம். நாகையா லோடு எடுத்த ஆபீஸில் எந்த வண்டிக்கு லோடு என்பது அவர் கையில்தான் இருந்தது. சீசன் நேரத்தில் மருந்து ரூமுக்குப் பழகிய கை கிடைப்பது கஷ்டம். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“ஏலே நாகையா, லோடு ஒனக்கே தர்றேன். ஒம் பொண்டாட்டிய வரச் சொல்லு. கேட்டுக்கு வெளிய நிக்கிற அம்புட்டு வண்டிக்காரனும் வீட்டுல இருந்து ஒரு ஆளு அனுப்பிட்டுத்தான் நிக்கிறான்.”

“எங்க வீட்டுல ஆளு இல்ல சார். ரெண்டு ஆடு நிக்கி. அனுப்பவா?”

“நக்கலு. மழை விளட்டும்லே, நீயா வருவ.”

மழை விழுந்தது. 2004 சீசனில்.

வெளியூர்க்காரர்களுக்குக் கரிசல் சேறு தெரியாது. பட்டாசு ஆபீஸ்கள் தார் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் தள்ளித்தான் இருக்கும். மழை பெய்தால் அந்த மண் பசையாகிவிடும், உள்ளே போன செருப்பு வெளியே வராது. சாதாரண வண்டியில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாகச் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் போக வேண்டும் என்பதற்காக நடுவில் டிபரன்ஷியல் வைத்திருக்கிறான். ரோட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. சேற்றில் அதுவே எமன். ஒரு சக்கரம் வழுக்கினால் எஞ்சின் பலமெல்லாம் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே போகும். அது பம்பரமாய்ச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும், வண்டி புதைந்துகொண்டே போகும்.

நாகையாவின் வண்டி அப்படித்தான் லோடோடு புதைந்தது. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கிப் பெட்டிகள் ஊறிப்போயின. சீனிவாசகம் ஒரு வார்த்தை திட்டவில்லை. “நாளைக்கு வேற வண்டி வரட்டும்” என்றார். அத்தோடு சரி. இரண்டொரு நாளில் பாண்டிச்செல்வி மருந்து ரூமுக்குப் போனாள், நாகையாவுக்கு லோடு கிடைத்தது. தீபாவளி வரைக்கும் அவள் போய் வந்தாள். அந்த நாள்களில் பட்டறைக்கு வந்தால் நாகையா டயர்மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாய் திறக்காத நாகையாவை நான் பார்த்தது அப்போதுதான்.

மறு வருஷம் ஆனி மாதம், சாத்தூர் முகம்மது இஸ்மாயில் பாய் ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்து என் பட்டறையில் நிறுத்தினார். பாய் சாத்தூர்ச் சேவை மொத்தமாக மதுரைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். மலையில் ஏலத்தோட்டம் ஒன்றில் ஓடிய வண்டியைப் பழசாக வாங்கியிருந்தார்.

“அண்ணாச்சி, இது வண்டியா அம்மிக்கல்லா? மருதைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எஞ்சினு கத்துற கத்துல சேவு பூராவும் நொறுங்கிப் போகுது.”

டயர்மேல் உட்கார்ந்திருந்த நாகையா, “நொறுங்குன சேவ எங்களுக்குக் குடுங்க பாய்” என்றான்.

“ஒனக்குக் குடுத்தா அது வேவாரமா? தருமம், சதக்கால்ல வந்துரும்.”

நான் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, எஞ்சினிலிருந்து வருகிற ஷாப்டில் ஒரு கோடு போட்டுச் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஷாப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தால் போதும், எந்த ஊர் ஆக்சில் என்று சொல்லிவிடுவேன். இது மலை ஏற்றத்துக்கென்று போட்ட பல். யானை இழுவை இழுக்கும், ஆமை ஓட்டம் ஓடும். அதோடு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஓர் ஒயர்.

“இது என்னது பாய்?”

“தோட்டத்துக்காரரு தொடாதீகன்னாரு. நான் அதுல என் கொடைய மாட்டிக்கிறேன்.”

அது லாக். லீவரைத் தூக்கினால் டிபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒன்று வழுக்கினாலும் மற்றது மண்ணைப் பிடித்துத் தள்ளும். பாய்க்கு நான் இதை விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நாகையா டயரை விட்டு எழுந்துவிட்டான்.

“அண்ணாச்சி, இத என் வண்டிக்கு மாத்த முடியுமா?”

இந்த யோசனை யாருடையது என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். கேட்டவன் அவன். முடியும் என்று சொன்னவன் நான். எங்கள் வட்டாரத்தில் அன்றைக்கு வேறு எவனும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, வருஷம்தான் வேறு. பாய்க்கு வேண்டியது ஓட்டம், அது நாகையாவின் ஆக்சிலில் இருந்தது. நாகையாவுக்கு வேண்டியது இழுவையும் லாக்கும், அது பாயிடம் வீணாகக் குடை சுமந்துகொண்டிருந்தது. ஆக்சிலுக்கு ஆக்சில், பேச்சு முடிந்தது.

இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டைமேல் தூக்கி உட்கார வைத்தேன். ஸ்பிரிங் பட்டைகளை அவிழ்த்து, பிரேக் பைப்பைக் கழற்றி, இரண்டு ஆக்சிலையும் உருட்டி வெளியே எடுத்தேன். ஷாப்ட் வந்து மாட்டுகிற முகத்தில் ஓட்டைகள் ஒத்து வரவில்லை. புது ஓட்டை போடுகிறவன் அரைகுறை. நான் அந்த முகங்களையே கழற்றி ஒன்றுக்கு ஒன்று மாற்றி மாட்டினேன். அப்படியே மூடிவிட்டுப் போகிற ஆளும் நான் இல்லை. நடுவில் பூசணிக்காய் மாதிரிப் பருத்திருக்கும் பெட்டியைத் திறந்து, பெரிய பல் சக்கரமும் சின்னப் பல் சக்கரமும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்ப்பேன். அதற்கென்று கடையில் ஒரு பசை விற்கிறான். நான் இருக்கன்குடிக் கோயில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவிச் சுற்றிவிடுவேன். பல்லின் நடுவில் குங்குமம் அழிந்தால் வேலை சரி. ஓரத்தில் அழிந்தால் தப்பு. நாகையாவின் ஆக்சிலில் நட்ட நடுவில் அழிந்தது.

எட்டிப் பார்த்த நாகையா, “சமஞ்ச பிள்ளைக்குப் பொட்டு வச்ச மாதிரில்லா இருக்கு” என்றான்.

வண்டியை இறக்கியதும் அவனைச் சீட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். “சேத்துல மட்டுந்தான் லாக்கு. கெட்டித் தரையில லாக்கோட திருப்புனா உள்பக்கச் சக்கரம் உருளாது, தரையத் தேச்சிக்கிட்டே வரும். லீவர எறக்குனா மட்டும் லாக்கு விட்டுரும்னு நெனைக்காத. பல்லு திருகிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நேரா கொஞ்சம் பின்னால வா. டக்குனு ஒரு சத்தம் கேக்கும். அப்புறந்தான் திருப்பணும்.”

“மொதல்ல பின்னால வரணும், அப்புறம் திரும்பணும். மாமியா வீட்டுல இருந்து கெளம்புற மாதிரி.”

பாய் தன் வண்டியை ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து சிரித்தார். இனி அவருக்கு மீட்டர் குறைத்துக் காட்டும், வண்டி அதைவிட வேகமாகப் போகும் என்று சொல்லிவைத்தேன். “போலீஸு பிடிச்சா மீட்டரக் காட்டுங்க பாய்” என்றான் நாகையா. “பிடிச்சா ஒன்னயக் காட்டுறேன்” என்றார் பாய்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நான் குடும்பத்தோடு இருக்கன்குடி போயிருந்தேன். ஆற்று மணலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆள் ஏற்றி வந்த வேன் ஒன்று மணலில் அமுங்கி, பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. நாகையா தன் பிக்கப்பைக் கொண்டுபோய்க் கயிறு கட்டினான். லீவரைத் தூக்கினான். எஞ்சின் ஓர் உறுமல் உறுமியது, வேன் கன்றுக்குட்டி மாதிரிப் பின்னாலேயே வந்தது. அப்புறம் ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். லாக் நாகையா என்ற பெயர் அந்த மணலில் விழுந்ததுதான். அந்த ஆக்சிலை மாட்டியவர் இவர்தான் என்று அவன் என்னையும் காட்டினான், நானும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

பாண்டிச்செல்வி மூட்டிய அடுப்பில் பொங்கல் பொங்கியது. எனக்கும் இலை போட்டு வைத்தாள். அவள் கையைப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. மஞ்சள்தான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. நாகையாவின் வண்டி மட்டும் அந்த வரிசையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கி ஆபீஸ் கேட்டில் போய் நின்றது. சீனிவாசகம் குடையோடு வெளியே வந்தார்.

“என்னலே, வண்டியா எருமமாடா?”

“எருமதான் சார். சேறுன்னாத்தான் அதுக்குக் கொண்டாட்டம்.”

“சரி, சரி. வீட்டுல இருந்து ஆளு எப்ப வருது?”

“சார், ஒங்களுக்கு லோடு போகணுமா, ஆளு வரணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஆளுன்னா நான் வண்டியத் திருப்புறேன். அங்கன தார் ரோட்டுல எம்புட்டு வண்டி நிக்கி, கையத் தட்டிக் கூப்பிடுங்க.”

சீனிவாசகம் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாராம். பிறகு ஏற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனாராம். இதை நாகையா என்னிடம் நடித்தே காட்டினான், குடை பிடிப்பது உட்பட. பாண்டிச்செல்வி வீட்டில் இருந்தாள். அந்த ஆக்சில் அவளை வீட்டில் இருக்க வைத்தது. அதை மாட்டிய கை என் கை.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சீனிவாசகமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கும் போகிற வண்டி கைக்குக் கிடைத்ததும் அதை எங்கெல்லாம் போகச் சொல்லலாம் என்று யோசித்துவிட்டார். ஆபீஸ் வழக்கத்தில் வண்டி கேட்டோடு நின்றுவிடும். பெண்கள் பெட்டிகளைத் தலையில் சுமந்து வந்து கேட்டில் ஏற்றுவார்கள். மருந்து ரூம் இருக்கிற பக்கம் எஞ்சின் சூடு போகக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். மழையில் சுமந்தால் பெட்டி நனைகிறது என்று சொல்லி, நாகையாவை மட்டும் உள்ளே பேக்கிங் ரூம் வாசல் வரைக்கும் வரச் சொன்னார். அவனும் போனான்.

பாண்டிச்செல்விக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் பகலில் அவனுக்குப் பட்டறைக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில், என் எதிரிலேயே கேட்டாள்.

“அண்ணாச்சி, என்னய உள்ள போகக் கூடாதுன்னாக. இப்ப அவுகளே உள்ள போறாக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக.”

நான் சொன்னேன். “வண்டி கேட்டோட நிக்கட்டும் நாகையா. அதுக்குத்தான் அந்தக் கேட்ட வச்சிருக்கான்.”

நாகையா சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை. “நான் உள்ள போகலன்னா அவ உள்ள போகணும்ண்ணாச்சி. நான் போறேன். வண்டி நின்னு ஏத்துற நேரந்தான். அவளுக்குன்னா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்.”

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விபத்து நாளன்று நடந்ததை எனக்குச் சொன்னவள் மாடத்தி. நாகையாவின் ஊர்க்காரி, அதே ஆபீஸில் பேக்கிங் ரூமில் வேலை பார்த்தவள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

பல நாள் மழைக்குப் பிறகு அன்று வெயில் அடித்தது. ஆபீஸ் பூராவும் பரபரப்பாகிவிட்டது. மழையில் காய வைக்க முடியாமல் வைத்திருந்த மணி மருந்தையெல்லாம் வெளியே எடுத்தார்கள். மணி மருந்து என்பது வானத்தில் போய்ப் பூவாக விரிகிற மருந்து, பயறு பயறாக உருட்டியிருப்பார்கள். காய வைக்கிற சிமெண்டுத் திண்டு போதாமல், வண்டி திருப்புகிற சிமெண்டுத் தரையிலும் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டார்கள்.

நாகையா சேற்றில் லாக் போட்டு உள்ளே வந்தான். திருப்புகிற இடத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

“திருப்புற எடத்த அடைச்சிட்டீகளே சார்.”

“வெயிலு எப்பப் போகும்னு எவனுக்குத் தெரியும்? மொதல்ல ஏத்து, அப்புறம் திருப்பிக்கிடலாம். அதுக்குள்ள அள்ளிருவாக.”

முதலில் திருப்பு, அப்புறம் ஏற்று. அத்தனை வருஷமும் மாற்றாத வழக்கத்தை அவன் அன்றைக்கு மாற்றினான். வண்டி முகம் உள்பக்கம் பார்க்க நின்றது, பெட்டிகள் ஏறின. சாத்தூரில் வடநாட்டு லாரி காத்துக்கொண்டிருந்ததால் சீனிவாசகம் நிலைகொள்ளவில்லை. பெண்கள் சாக்குகளை மருந்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சாக்குக்கு வெளியே உதிர்ந்து கிடந்ததை யாரும் கூட்டவில்லை.

லோடு ஏறியதும் நாகையா பின்னால் வரப் பார்த்தான். மாடத்தி அவன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். “ஏத்தா, பின்னால நிக்காதீக. வண்டி பின்னால வரணும்.” ஆனால் பின்னால்தான் கடைசிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலெல்லாம் சேறு. ஒருத்தி வழுக்கி, வண்டிக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் பெட்டியைப் பார்ப்பதா அவளைத் தூக்குவதா என்று நின்றார்கள். முன்னால் நின்ற சீனிவாசகம் பானட்டைத் தட்டினார்.

“பின்னால எதுக்குலே வாற? முன்னாலதான் இம்புட்டு எடம் கெடக்கே. திருப்புலே.”

நாகையா முன்பக்கமாகவே திருப்பினான். லீவரை இறக்கியிருப்பான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லாக் விட்டிருக்காது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். டயர்தானே தேயும் என்று நினைத்திருப்பான். சீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு உள்பக்கச் சக்கரத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று தெரிய வழியில்லை.

டயர் சிமெண்டில் கிறீச்சென்று தேய்த்தது. சக்கரத்துக்கு அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது என்றாள் மாடத்தி. சாமி படத்துக்கு முன்னால் சீரியல் பல்பு எரிகிற மாதிரி, அவ்வளவு அழகாக இருந்ததாம். அடுத்த நொடி திண்டு முழுவதும் பற்றியது. திண்டில் மருந்தைப் புரட்டிக் காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. வண்டியின் தார்ப்பாய் பிடித்துக்கொண்டது.

அவன் குதித்து ஓடியிருக்கலாம். ஒல்லி ஆள், ஓட்டமாக ஓடுவான். ஆனால் லோடோடு நிற்கிற வண்டிக்கும் பேக்கிங் ரூமுக்கும் இடையில் ஒரு வண்டி நீளம்கூட இல்லை. உள்ளேயும் வாசலிலும் பெண்கள். நாகையா இறங்கவில்லை. வண்டியை நேரே விட்டான். கம்பிவேலியை அறுத்துக்கொண்டு, எரிகிற லோடோடு கரிசல் காட்டுக்குள் போனது வண்டி. சாதாரண ஆக்சிலாக இருந்தால் வேலியைத் தாண்டிய இடத்திலேயே ஒரு சக்கரம் சுற்றிப் புதைந்திருக்கும், பேக்கிங் ரூமும் சேர்ந்து போயிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து இழுத்தன. நடுக்காட்டில் போய்த்தான் அது வெடித்தது. அவன் அதற்குச் சற்று முன்னால்தான் குதித்திருந்தான். சட்டையில்லை, உடம்பில் தோலும் இல்லை என்றாள்.

மாடத்தி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள். வழுக்கி விழுந்தவளும் இருக்கிறாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவனை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். பாண்டிச்செல்வி தலைமாட்டில் நின்றாள், தொடுவதற்கு இடம் இல்லாமல். என்னைப் பார்த்ததும் அவன் பேசினான். குரல் அவன் குரலாக இல்லை.

“பின்னால வரத்தான் பாத்தேன் அண்ணாச்சி.”

“தெரியும்லே. பேசாத.”

“அவள உள்ள விட்டுறாதீக.”

விட மாட்டேன் என்றேன். அதைக் கேட்டானோ இல்லையோ. அவன் போன அன்றைக்கு ஊரில் தீபாவளி வெடி கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். வண்டியின் உடம்பு தீயில் வெந்து சுருண்டு போயிருந்தது, ஆக்சில் மட்டும் அப்படியே இருந்தது. அதை என் பட்டறைக்குக் கொண்டுவந்து அவர்கள் எதிரிலேயே திறந்தேன். லாக்கின் பல் கடித்தபடியே நின்றது. லீவரின் ஒயர் இறங்கியிருந்தது. அவன் இறக்கியிருக்கிறான், அது விடவில்லை. பெரிய பல் சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. குங்குமம் வைத்துப் பார்த்த கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்களில் ஒருவர் ‘உராய்வு’ என்று ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்து விபத்துகளுக்கெல்லாம் எழுதுகிற வார்த்தைதான்.

இஸ்மாயில் பாய் வந்து ஆக்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என் வண்டியிலேயே கெடந்திருக்கலாம் அண்ணாச்சி. கொட மாட்டிக்கிட்டே இருந்திருப்பேன்.”

“கெடந்திருந்தா அவ மருந்து ரூம்புக்குள்ள கெடந்திருப்பா பாய்” என்றேன். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கருமாதி முடிந்த வீட்டிலேயே டிரைவர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அந்த ஆக்சிலைக் கேட்டார்கள். அது சேற்றில் என்ன செய்யும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாண்டிச்செல்வியிடம் கேட்டேன். “ஆபீஸுக்குள்ள போற வண்டிக்கு மாட்டாதீக அண்ணாச்சி” என்றாள். எங்கள் பக்கத்தில் ஆபீஸுக்குப் போகாத வண்டி ஏது? பட்டறை மூலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாகையாவிடம் சொன்ன சொல்லுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். என் பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அவளை வரச் சொன்னேன். “ஆம்பளைக வேல பாக்கிற எடத்துல அறுத்தவ வந்து நின்னா ஊரு என்ன பேசும், நீங்களே சொல்லுங்க” என்றாள். தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஊரில் புதுத்துணி தைக்கிறவர்கள் வருஷத்துக்கு எத்தனை பேர்? நான் நினைத்து நடக்காத காரியம் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. இது நடக்கவில்லை.

மறு சீசனில் ஒரு நாள் சாயங்காலம், வேலையாட்களை இறக்கிவிடுகிற கம்பெனி பஸ் என் பட்டறை எதிரில் நின்றது. பாண்டிச்செல்வி இறங்கி வந்தாள். வேறு கம்பெனி, வேறு போர்மேன். கையில் தூக்குச்சட்டி.

“தையில இருந்து போறேன் அண்ணாச்சி. வேற ஆளு சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு நானே சொல்ல வந்தேன்.”

“பேக்கிங்கா?”

“மருந்து ரூமுதான். அங்கதான் பழகுன கை வேணும்ங்காக.”

டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மூலையில் கிடந்த ஆக்சில் பக்கம் போய், குனிந்து, அதன் நடுப்பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கையை எடுத்தபோது எண்ணெய்க் கருப்பில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தன.

பஸ்ஸில் ஹாரன் அடித்தான். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்தும் மினுங்கியது.

“வாசலப் பாத்துத்தான் உக்காருறேன் அண்ணாச்சி” என்றாள். “அவுக வண்டிய நிப்பாட்டுற மாதிரி.”

பஸ் போய்விட்டது. நான் பட்டறையைச் சாத்தினேன்.